சாம்பல் நிறச் சட்டை

நூற்றாண்டு மலருக்கு
இரண்டு பக்கம் கேட்டார்கள்.
வெற்றிகளை மட்டும் எழுதினால் அரைப்பக்கம் தேறாது.
அதனால் சட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் அது வெள்ளை.
பில்பாவோவிலிருந்து ரயிலில் வந்த பதினொன்று,
கழுத்தில் மும்மூன்று எலும்புப் பொத்தான்கள்.
முதல் ஆட்டம் மழையில்.
ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம்,
அந்த ஒன்றும் எதிரணிக்காரன்
தன் வலைக்குள் தானே தட்டியது.

மறுநாள் ஒப்துலியா ஆற்றுக்கு எடுத்துப் போனாள்.
ஆறு அப்போது கறுப்பு.
மேலே சுரங்கத்தில் நிலக்கரி கழுவிய தண்ணீர்தான்
கீழே எங்கள் துணி துவைக்க வரும்.
சவுக்காரம் போட்டாள், சுடுசாம்பல் போட்டாள்,
கல்லில் அடித்தாள், பொத்தான்கள் தெறித்தன.
காய்ந்தபோது பதினொன்றும்
மழைமேகத்தின் அடிவயிறு.

செயலாளர் எலாதியோ குறிப்பேட்டில் எழுதினார்:
'இன்று முதல் ஸ்போர்ட்டிங் வால்தெகோராவின் நிறம் சாம்பல்.
ஏகமனதாக நிறைவேறியது.'
ஒப்துலியாவுக்கு ஓட்டு கிடையாது.

முப்பத்து நான்கில் சுரங்கத்தில் வேலைநிறுத்தம்.
கோல்கீப்பர் தெல்மீரோ டைனமைட் வீசப் போனான்,
பந்தெறிந்து பழகிய கை.
அதற்குப் பின் குறிப்பேட்டில்
ஏழு பக்கம் வெற்றுத்தாள்.
எட்டாவதில் வேறொருவர் கையெழுத்து:
'அந்நியச் சொற்கள் கூடாதென்று ஆணை.
ஸ்போர்ட்டிங் இனி தெபோர்த்திவோ.
புது ரப்பர் முத்திரைக்குப் பன்னிரண்டு பெசெத்தா.'
கீழே ஆட்டக்காரர் பட்டியல்.
கோல்கீப்பர் வேறு ஆள்.

மைதானத்தின் தெற்கு மூலையில் ஒரு மேடு.
கார்னர் அடிக்க வைத்தால் பந்து நிற்காது,
உருண்டு வந்துவிடும்.
சமப்படுத்த ஆண்டுதோறும் தீர்மானம் போட்டோம்.
ஆண்டுதோறும்
ஒருவரும் மண்வெட்டி கொண்டுவரவில்லை.

அறுபத்தொன்றில் மூன்றாம் பிரிவுக்கு ஏறினோம்,
ஒன்பது மாதம் இருந்தோம்.
போன ஊரிலெல்லாம் 'துவைக்காத பயல்களே' என்று கத்தினார்கள்.
அடுத்த வாரம் நாங்களே அதைக் கத்தினோம்.

தொண்ணூற்றெட்டில் சுரங்கத்தை மூடினார்கள்.
நடு ஆட்டக்காரர்கள் மூவரும் ஹிஹோன் போய்விட்டார்கள்.
ஆறு தெளிய நான்கு வருடம் ஆயிற்று.
ஒரு கோடையில் பெலாயாவின் மகன்
பாலத்திலிருந்து 'மீன்!' என்றான்.
ஊரே வந்து எட்டிப் பார்த்தது.
மகிழ்வதா கூடாதா என்று
யாருக்கும் தெரியவில்லை.

இப்போது சட்டை அலிக்காந்தேயில் தயாராகிறது.
எந்தச் சாம்பல் என்று கேட்டார்கள்.
பழைய சட்டையின் ஒரு கையை வெட்டி அனுப்பினோம்.
எங்கள் ஆற்றுக்கு அவர்களிடம் ஓர் எண் இருக்கிறது:
நானூற்றிருபத்தொன்று.
எத்தனை முறை துவைத்தாலும் போகாதாம்.

இடம் முடிந்துவிட்டது.
கோப்பை உண்டா என்று கேட்பவர்களுக்கு:
ஒன்று உண்டு,
சலவை அறை அலமாரியில்.
அதில் பொத்தான்கள் போட்டு வைத்திருக்கிறோம்.