நான்கு டிகிரி

ஐஸிங் நிற்கவில்லை.
மூன்று முறை பூசினேன். மூன்று முறையும்
கேக்கின் தோளிலிருந்து வழிந்து
ஆத்தங்குடிக் கல்லின் பூ மேல் சொட்டியது.
எறும்புகளுக்கு மட்டும் கிறிஸ்துமஸ்.

மார்கழி என்கிறார்கள் இதை.
கானாடுகாத்தானில் விடியும்போது
பனி என்று ஏதோ வருகிறது, ஒப்புக்கு.
எட்டு மணிக்குள் வெயில் அதையும் துடைத்துவிடும்.
அதற்கே மஃப்ளர் சுற்றி வருகிறார் மேனேஜர் வயிரவன்.
"உனக்கென்னப்பா ஊட்டித் தம்பி, பழகின உடம்பு."
கோத்தகிரி என்று சொல்லிச் சொல்லி
விட்டுவிட்டேன்.

நார்வேக்காரர்கள் பதினோரு பேர்.
பனியிலிருந்து தப்பி வந்தவர்கள்
பனி கேட்கிறார்கள்.
சவுக்குக் கிளை வெட்டி
தலையணைப் பஞ்சு பிய்த்து ஒட்டி
முற்றத்தில் நிறுத்தினோம்.
பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே அது
தலைக்குச் சோப்புப் போட்டதும்
குழாயில் தண்ணீர் நின்றுபோன ஆள் மாதிரி
நின்றது.

மத்தியானம் தங்கச்சி போன் செய்தாள்.
காலையில் புல்லெல்லாம் வெள்ளையாம்.
கேரட்டுக்குச் சாக்கு போர்த்தப் போன அப்பா
விரல் மரத்துத் திரும்பி
அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.
"அங்க எப்டிண்ணா?"
"இங்கயும் குளிருதான்" என்றேன்,
வியர்வையில் வழுக்கிய போனை
மறு காதுக்கு மாற்றிக்கொண்டே.

குளிருக்குப் பயந்து
ஐயர் பிரசங்கத்தைச் சுருக்கும் சபை எங்களுடையது.
பாடும்போது ஒவ்வொரு வாயிலிருந்தும்
சின்னதாய் ஒரு புகை.
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்,
பாட்டு என்பது அதுதான், அந்தப் புகைதான்,
சத்தம் கூட வருவது என்று.

முதலாளி வீட்டில் நாளைக்குப் பிள்ளையார் நோன்பு.
கோடி வேட்டியில் உருவிய இருபத்தோரு இழை,
மாவுக்குள் திரி.
எரிய எரிய வாயில் போட்டுக்கொள்வார்களாம்.
"சுடாதா?"
"சுடுறதுக்குள்ள முழுங்கிடணும்" என்றார் வயிரவன்,
தொழில் ரகசியம் சொல்பவர் போல.

இரவு பத்தே கால்.
வெண்ணெய் எடுக்கக் குளிர் அறையைத் திறந்தால்
உள்ளே ஆள்.

கவிழ்த்த பால் கிரேட்டின் மேல்
மாடி அறைகளைத் துடைக்கும் ரின்புயி,
மிசோரத்துப் பெண்.
திருட வந்தாள் என்று நினைப்பேனோ என்று
சட்டென்று எழுந்து
இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.
பிறகு வாயைத் திறந்து
"ஹா" என்றாள்.

புகை.

தொங்கும் ஆட்டுத் தொடைகளுக்குக் கீழே,
தயிர் வாளிகளுக்குப் பக்கத்தில்,
சுவரில் சிவப்பு எழுத்தில்: நான்கு டிகிரி.
கதவைச் சாத்திவிட்டு
நானும் "ஹா" என்றேன்.

அவளுடைய தமிழ்: சார், சாப்டாச்சா, பெட்ஷீட்.
அவள் பாஷையில் எனக்கு அந்த மூன்றும் இல்லை.
அவளே தொடங்கினாள்.
ராகம் தெரிந்தது, சொல் தெரியவில்லை.
என் சொல்லோடு நான் ஏறிக்கொண்டேன்.
இரண்டாம் சரணத்தில் பல் தந்தியடிக்க
இருவருக்கும் சிரிப்பு வந்து
பாட்டு அங்கேயே நின்றது.
புகை மட்டும் கொஞ்ச நேரம்
முட்டை அட்டைகளின் மேல் யோசித்துவிட்டுப் போனது.

வெளியே வயிரவன் குரல்:
"வெண்ணெ எடுக்கப் போனவன்
மாடு வாங்கவா போயிட்டான்?"

முதலில் அவள் போனாள், துடைப்பத்தோடு.
எண்ணி இருபது கழித்து
நான் முற்றத்துக்கு வந்தேன்.
அந்தப் புழுக்கம் முகத்தில் அடித்ததும்
மூக்குக் கண்ணாடி மூடிக்கொண்டது.

தூண், மரம், பதினோரு நார்வேக்காரர்கள், வயிரவன்,
எல்லாம் வெள்ளை.

துடைக்காமல் நின்றேன்.
கையில் வெண்ணெய்
இளக ஆரம்பித்திருந்தது.