பெரியம்மா மகள்

ரோட்டன்பெர்க் குன்றின் உச்சியில்
ஒரு ராணியின் கல்லறைக்கு
ஞாயிறுதோறும் சீட்டு கிழிக்கிறேன்.
சுற்றிலும் திராட்சைக் கொடி.
கீழே நெக்கார் ஆறு, கார் தொழிற்சாலை,
புகைமூட்டத்தில் ஸ்டுட்கார்ட்.

ருஷ்யாவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்.
மூன்றே வருடம் வாழ்ந்தாள்.
குலத்தின் பழங்கோட்டையை இடித்துவிட்டு
அந்த இடத்தில் அவளைக் கிடத்தினான் புருஷன்.
அன்புக்கு முடிவில்லை என்று
வாசலுக்கு மேல் பொறித்தும் வைத்தான்.
கைக்குழந்தை சோஃபிக்கு
அப்போது ஏழு மாதம் நிறையவில்லை.

அக்டோபரில் ஒருவர் வந்தார்.
ஹார்ம் ஸைல்ஸ்ட்ரா, ஃப்ரீஸ்லாந்துக்காரர்,
ஓய்வுபெற்ற அணைப் பொறியாளர்.
என் சீட்டு மேசைமேல்
தன் நாட்டு அரச குடும்பத்தின் வம்ச மரத்தை விரித்தார்.
ஒரு மூலைக்கு அவர் தெர்மாஸ் பாரம்,
மறுமூலைக்கு என் ரப்பர் ஸ்டாம்ப்.

நூறு கோடுகள். கல்யாணத்துக்கெல்லாம் இரட்டைக் கோடு.
அவர் மொழியில் மாமன் மகளுக்கும்
சித்தப்பா மகளுக்கும்
அண்ணன் மகளுக்கும்கூட ஒரே சொல்லாம்.
அணை கட்டத் தெரிந்தவர்களுக்கு
இங்கே ஒரு வரப்புகூட இல்லையே என்று
பென்சிலை எடுத்தேன்.

இங்கிலாந்து இளவரசியைக் கட்டினானே அந்த வில்லெம்,
அவள் அவனுக்கு மாமன் மகள். பொருத்தம்.
பதினோரு வருடம் கழித்து
மாமனாரின் நாட்டையும் எடுத்துக்கொண்டான்,
அது வேறு கதை.
முதல் அரசனுக்குப் பிரஷ்யாவில் பெண். அதுவும் மாமன் மகள்.
அவன் பிள்ளை ஒருவனுக்கு மறுபடி மாமன் மகள்,
பெண்ணுக்கு அந்த வீட்டிலேயே மாமன் மகன்.
பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள், ஐயா!
சீர்வரிசைத் தட்டு மட்டும்தான் குறை.

உற்சாகத்தில் சொல்லிவிட்டேன்:
எங்கம்மா கட்டியது தன் சொந்தத் தாய்மாமனை.

தெர்மாஸ் மூடியைத் திறந்தவர்
குடிக்காமலே மூடினார்.
மரத்தின்மேல் இருந்த கை
மெதுவாக மடிக்குப் போனது.
இத்தனை இரட்டைக் கோடுகளுக்கு நடுவே
என் வீட்டுக் கோடுதான் அவருக்கு உறுத்தியது.

பிறகு சோஃபி வந்தாள்.
இந்தக் கல்லறைக்காரியின் மகள்.
இதே ஊரில் கல்யாணம்.
மாப்பிள்ளையின் அம்மா யார் என்று விரலை மேலே ஓட்டினேன்.
செத்தவளின் கூடப்பிறந்த தங்கை.
பென்சில் நின்றது.

அப்படியானால் இவள் அவனுக்குப் பெரியம்மா மகள்.
ஒரு வயது இளையவள்.
தங்கை, ஐயா. தங்கை.

இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்றார்.
முறைகேடு என்றேன்.
இப்போது அதை டெண்டர் ஊழலுக்குத்தான் எழுதுகிறார்கள்,
அன்றைக்கு இதற்குத்தான்.

அவருக்கே தெரியும் மிச்சம்.
பேச்சு நின்றுபோன அரண்மனை,
அப்பனுக்கு முன்னால் போன மூன்று ஆண்பிள்ளைகள்,
அறுபது தாண்டியவனுக்கு இருபது வயதில் இன்னொரு பெண்,
அவள் பெற்ற ஒற்றை மகளைப் பற்றிக்கொண்டு
மேலே ஏறிய கொடி.
சோஃபியைக் கல்யாண உடையிலேயே புதைத்தார்களாம்,
கேட்டது அவள்தானாம்.
வாழ்வு முடிந்தது அன்றைக்கே என்றாளாம்.

பார்த்தீர்களா, முறை தவறினால், என்று வாயெடுத்தேன்.
பிரஷ்யாவுக்குப் போன அந்த மாமன் மகளும்
வண்டிக்காரனோடு போய்விட்டாளே என்றார் அவர்.
அதற்கு என்ன சொல்ல.

உங்கள் அம்மா நன்றாக இருந்தார்களா?

அப்பாவைக் கடைசிவரை
மாமா என்றே கூப்பிட்டாள்.
வேறெதுவும் அதிகம் பேசியதாக
நினைவில்லை.

ஐந்து மணி. சாவியை எடுத்தேன்.
சோஃபியின் பெயருக்குப் பக்கத்தில்
தமிழில் எழுதியிருந்த ஒற்றைச் சொல்லைக் காட்டி
அழிக்கட்டுமா என்றேன்.
இருக்கட்டும் என்று சுருட்டிக்கொண்டார்.

அறுபத்தோராம் எண் பஸ்ஸில்
தோட்டங்களுக்கு நடுவே
ஒரு நெதர்லாந்து அரசி
தங்கையாக இறங்கிப் போனாள்.