காலடித் தடம்

படிவத்தில் ஏழாவது கேள்வி:
'காலடித் தடம் ஏதும் தென்பட்டதா?'
மூன்று நாளாக 'இல்லை' என்றே எழுதினேன்.
பொய்யில்லை.
கால் இருந்தால்தானே தடம்.

மூலனூருக்குத் தெற்கே
கொறங்காடுகளுக்கு நடுவில் ஓர் இட்டேரி.
இரு பக்கமும் கிளுவை வேலி,
வேலியடியில் முழங்கை ஆழத்துக்குச் சருகு,
வெள்வேலங்காய் தின்ற செம்மறிகளின் புழுக்கை.
சோலார் தகடு ஏற்றிவரும் லாரிக்கு
இருபதடி வேண்டுமாம்.
இட்டேரிக்கு இருப்பது பத்தடி.

நேற்று முற்பகல்
ஜேசிபியை நிறுத்திவிட்டுக் குதித்தார் சதாசிவம்.
"பாம்புங்க!"
மண்வெட்டி தலைக்கு மேலே போயிருந்தது.

சுண்டுவிரல் பருமன்.
புளியங்கொட்டை நிறம்.
எண்ணெய் பூசினாற்போல மினுமினுப்பு.
தலையைத் திருப்பி அவரைப் பார்த்து
இமைத்தது.

பாம்புக்கு ஏது இமை?
நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்,
மண்வெட்டியை இன்னும் இறக்காமல்:
"கண்ணைச் சிமிட்டுதுங்களே இது!"

அரணை.
மண்ணுக்குள் நீந்த இடைஞ்சலென்று
எத்தனையோ தலைமுறைக்கு முன்
கால்களைக் கழற்றி வைத்துவிட்ட அரணை.
கடிக்க வந்து மறந்துபோகும் என்பார்களே,
இது நடக்கவே மறந்துவிட்டது,
அவ்வளவுதான்.

எடுக்கப் போனேன்.
வாலை என் கையில் கொடுத்துவிட்டு
சருகுக்குள் போய்விட்டது.
அரை விரல் நீளச் சாட்சி
டிபன் பாக்ஸ் மூடியில்
தயிர்சாத வாசத்தோடு துள்ளிக்கொண்டிருந்தது.

போனில் இன்ஜினியர்:
"வால் எல்லாம் செல்லாதுங்க மேடம்.
முழு உருப்படியாக் காட்டுங்க.
இல்லைன்னா மதியத்துக்கு மேல வேலை ஓடும்."

சதாசிவம் கேட்டுக்கொண்டே நின்றார்.
பிறகு வண்டியில் ஏறி
சாவியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு
தன் போனை எடுத்தார்:
"சார், ஹைட்ராலிக் ஹோஸ் வெடிச்சுப்போச்சுங்.
கோயமுத்தூர்ல இருந்து வரோணும்.
நாலு நாளாகுமுங்."

ஹோஸ் நன்றாகத்தான் இருந்தது.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
எனக்கு எதிர்ப்பக்கம் குத்தவைத்து
வெறுங்கையால் சருகை விலக்கத் தொடங்கினார்.
ஒரு பிடி. பார்த்துவிட்டு, அதே இடத்தில் திரும்ப மூடுவார்.
கிளுவை முள் கிழித்துப்
புறங்கையெல்லாம் சிவப்புக் கோடு.

சித்த நேரம் கழித்து மெல்லக் கேட்டார்:
"கடிக்காதுங்களே?"
"வந்தாலும் மறந்துவிடும்."
முதல் தடவையாகச் சிரித்தார்.

இட்டேரியின் நீளம் அறுநூற்றுச் சொச்சம் அடி.
இன்று இருட்டுவதற்குள்
பதினோரு அடி முடித்தோம்.