மூன்றாம் துளை

படிவத்தின் ஆறாம் கேள்வி:
காணியின் முன்னைய பாவனை யாது?
பதில் எழுத ஒன்றரை அங்குலக் கோடு.
நுஸ்கியா டீச்சர் அதில்
‘கடை’ என்று எழுதியிருந்தா.

கடைதான்.
பழைய பற்றரிகளை நிறுத்து வாங்கி
கோடரியால் பிளந்து
அமிலத்தை மண்ணில் கவிழ்த்துவிட்டு
ஈயம் உருக்கி விற்ற கடை.

ஏறாவூரில், ரயில் பாதைக்கு அங்கால,
பதினெட்டு பேர்ச்.
அதில் ஒரு பாலர் பாடசாலை கட்ட வேண்டும்.
மண்ணைச் சோதித்து வாருங்கள் என்றது வங்கி.
சோதிக்கும் காசு
அவவின் ஒன்பது மாதச் சம்பளம்.
அதனால்தான் அரசாங்கத்தின் இந்த உதவித் திட்டம்,
அதனால்தான் நான்,
ஒரு பெட்டி கையுறையும் இருபது கண்ணாடிப் போத்தல்களுமாக.
பயிற்சி முடித்தபின் இது என் முதல் காணி.

வரைபடத்தில் நான்கு சிவப்புப் புள்ளிகள்.
கொழும்பில் யாரோ
அடிமட்டம் வைத்துச் சம தூரத்தில் இட்டவை.
துளையிட நாட்கூலிக்கு வந்தார்
கோணாமலை அண்ணன்.
முதல் துளை: மணல், மணல், சிப்பி,
ஐந்தடியில் தண்ணி.
இரண்டாம் துளை: மணல்.
பார்க்கிறவருக்கு வீடு கட்ட ஆசை வரும்.

மூன்றாம் புள்ளியில் கம்பியை நிமிர்த்தியவர்
இறக்கவில்லை.
ஆறடி தள்ளி நின்ற முருங்கையைப் பார்த்தார்.
“மிஸ், கொஞ்சம் அங்கால போடுவமே?”
ஏன் என்றேன்.
ஒரு பீடி எரிந்து முடியும்வரை பேச்சில்லை.

“கசடைத் தாட்டது நான்தான்.
பதினாறு வயசு எனக்கு.
ராவில தாளுங்க எண்டவர் முதலாளி.
நாப்பது சாக்கு இருக்கும்.
மறுகா அவர் கட்டாருக்குப் போயிற்றார்.”

முருங்கை கொழுத்துச் சடைத்திருந்தது.
அதன் இலையைச் சுண்டாத வீடு
அந்த ஒழுங்கையில் இல்லை.

புள்ளியை நகர்த்தினால் காரணம் எழுத வேண்டும்.
‘உள்ளூர்த் தகவல்’ என்று எழுதினேன்.
பெயர் எழுதவில்லை.
எழுதியிருக்க வேண்டுமா என்பது
இன்னும் எனக்குத் தெரியாது.

மூன்றடியில் கம்பி கறுமுறு என்றது.
ஏறி வந்ததை மண் என்று சொல்ல முடியாது.
சாம்பல் நிறம்,
இரும்புக்கும் புளிக்கும் நடுவே ஒரு மணம்.
கையுறையை நீட்டினேன்.
“இனிப் போட்டு என்ன” என்றார்.
பிறகு போட்டார், இடது கைக்கு மட்டும்.
வலது கைக்குக் கம்பி வழுக்குமாம்.

ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு
மீன் பெட்டிகளோடு பெட்டியாக
இரவு ரயிலில் போயிற்று அது.
இருபத்துமூன்று நாள்.
பிறகு ஒரு தாள்,
தாளில் ஓர் இலக்கம்.
பக்கத்து நிரலில் அனுமதித்த அளவு
பெரியவர் விரலைப் பிடித்த
சின்னப் பிள்ளைபோல் நின்றது.

டீச்சர் இரண்டு தரம் வாசித்தா.
“மறுகா? இத ஆரு அள்ளுற?”
அதற்கு வேறு திட்டம், வேறு படிவம்,
அது இன்னும் அச்சாகவில்லை,
எங்களுக்கு அளக்க மட்டும்தான் காசு என்றேன்.
சொல்லும்போது என் குரல்
அலுவலகக் குரலாக இருந்தது.
அவ ஏசவில்லை.
தாளை நாலாக மடித்தா.
“தெரியாமக் கட்டியிருந்தா
முப்பத்தாறு புள்ளைகள்” என்றா.

அடுத்த கிழமை போத்தல்களை எடுக்கப் போனேன்.
முருங்கை விழுந்து கிடந்தது.
வெட்டினால் துளிர்க்கும் என்று
வேரோடு தோண்டியிருக்கிறார்,
யாரும் கூப்பிடாமல், கூலி இல்லாமல்.
இலை வாடிப்போய்க் கிடந்தது,
ஒரு கொப்பும் வீட்டுக்குப் போகவில்லை.
அந்த நாளைச் சம்பளப் பத்திரத்தில்
எந்தச் செலவுத் தலைப்பின் கீழ் போடுவது என்று
மேலதிகாரியைக் கேட்டேன்.
எந்த நாள் என்றார்.

குழியில் தண்ணி ஊறியிருந்தது.
கண்ணாடிபோல் தெளிந்த தண்ணி.
எங்கிருந்தோ ஓர் ஆடு வந்து குனிய
கோணாமலை அண்ணன்
கல்லெடுத்தார்.