இரண்டாம் இரவு: ஃபார்மல்

உரக் கம்பெனி அனுப்பிய கப்பல் தாளில்
முதல் இரவு சாதாரண உடை.
இரண்டாம் இரவு ஃபார்மல்.
மூன்றாவதற்கு ஒன்றும் போடவில்லை.

கோட்டா, பட்டு வேட்டியா என்று
வலங்கைமான் டீலருக்குப் போன் போட்டார்.
அவர் வீட்டிலும் அதே பஞ்சாயத்தாம்.

மன்னார்குடியில் ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு
பீரோவிலிருந்து இறங்கியது,
பாச்சை உருண்டை நெடியோடு.
நடுப்பொத்தான் ஓட்டையைப் பார்க்கிறது,
எட்டவில்லை.
நான் அரக்குப் பட்டுச்சேலையை எடுத்து
உப்புக்காற்றுக்குச் சரிகை கறுக்குமோ என்று
திரும்ப மடித்தேன்.

வாசலில் காத்தலிங்கம் சத்தம்:
"மடை ஒடச்சிக்கிட்டு
நாத்தங்கால்ல தண்ணி ஏறுதுங்க!"

மடித்துக் கட்டிய கைலி, மேலே கோட்டு,
தோளில் மண்வெட்டி.
கழற்றத் தோன்றவில்லை மனுஷனுக்கு.
பின்னாலேயே டார்ச் பிடித்துப் போனேன்.
செங்குட்டுவன் ஒரு வெட்டு மண்ணை அள்ளி
உடைப்பில் போடக் குனிந்தபோது
முதுகுத் தையல் விட்ட சத்தம்
தவளைகளையும் மீறிக் கேட்டது.

காலையில் சேற்றைத் துடைத்தேன்,
காலரில் கொஞ்சம் நிற்கிறது.
போட்டுப் பார்த்தார்.
பொத்தான் எட்டியது.

முதுகைத் தைக்கக் கொடுக்கவில்லை.
இரண்டாம் இரவு மட்டும்
சுவரோரமாய் நின்றுகொள்ளட்டும்.
பட்டு கட்டிக்கொண்டு
நான் பின்னால் நிற்கிறேன்.