எத்தனை முறை போவீர்கள்

பாசல் நகரத்து ஜெர்மன் ரயில் நிலையத்தில்
மூன்றாம் கவுன்ட்டர் என்னுடையது.
நிலையம் நிற்பது சுவிஸ் மண்ணில்,
தண்டவாளம் ஜெர்மனிக்காரர்களுடையது.
இந்தக் குழப்பத்தை விளக்கியே
பத்தொன்பது வருஷம் வயிறு வளர்த்திருக்கிறேன்.

பாஸா, தனித்தனி டிக்கெட்டா என்று வருபவர்களிடம்
ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்:
எத்தனை முறை போவீர்கள்?
மாணவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள்.
ஓய்வுபெற்ற தம்பதிகள் அட்டவணை அச்சிட்டு வருவார்கள்,
கணவர் கையில் காகிதம்,
மனைவி கையில் அதன் திருத்தம்.

ரெகுலா ஹெஃப்லிகர் எதுவும் கொண்டுவரவில்லை.
பிப்ரவரிக் கடைசி. கையுறையைக் கழற்றாமலே
கீல் என்றார்.
வடக்கே, தண்டவாளம் கடலில் முட்டி நிற்கும் ஊர்.
தம்பி யோஸ்ட் அங்கே கப்பலில் சமையல்காரன்,
இப்போது நான்காம் மாடியில், மூக்கில் குழாயோடு.
எத்தனை முறை போவீர்கள்?
"டாக்டரிடம் கேட்டேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்."

நான் என் வேலையைப் பார்த்தேன்.
முன்கூட்டியே வாங்கினால் தனி டிக்கெட் மலிவு,
ஆனால் அந்த நாள், அந்த ரயில்;
தவறவிட்டால் காசு போச்சு.
பதறி ஓடிவந்து அன்றே வாங்கினால் மூன்று மடங்கு.
பாஸ் என்றால் இரண்டு மாதம், அதற்குள் பத்து நாள்,
எந்த நாள் என்பதைக் காலையில் எழுந்து முடிவு செய்யலாம்.
ஒரு நிபந்தனை, சொந்த நாட்டுக்குள் இது
இரண்டே முறை செல்லும்:
வெளியேற ஒன்று, வீடு திரும்ப ஒன்று.
"வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான்" என்றார்,
"நடந்தே வந்துவிடுவேன்."

கால்குலேட்டர் சொன்னதைச் சொன்னேன்:
ஐந்து முறை போய்வந்தால் பாஸ் தலைதப்பும்.
மூன்றோடு நின்றால் கையைக் கடிக்கும்.
நின்றால் என்ற சொல்
கண்ணாடியின் சின்னத் துளைகள் வழியே போனபிறகுதான்
என் காதில் விழுந்தது.

பாஸ் வாங்கிக்கொண்டு போனார்.
அன்றிரவு பாத்திரம் கழுவும்போது
முன்பின் பார்த்திராத ஒரு கப்பல் சமையல்காரன்
ஐந்து முறையாவது தாங்கட்டும் என்று நினைத்தேன்.
யாரிடம் சொல்வதென்று தெரியாமல்
குழாயை மூடினேன்.

ஏப்ரலில் வந்தார்.
போனைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினார்.
பத்துக் கட்டம். ஆறு நிறைந்திருந்தது,
நான்கு வெற்று.
மூன்று முறை.
ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்;
ரயில்வே சீருடையில்
அதையெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை.

"நூற்றைம்பது யூரோ தண்டம்" என்றார்.
"மூன்றாம் முறை போகிறேன், எழுந்து உட்கார்ந்து
ஆஸ்பத்திரி சூப்பில் உப்பில்லை என்று சண்டை போடுகிறான்.
இனிமேல் வராதே, உன்னைக் கண்டால்
நர்ஸுகள் பயப்படுகிறார்கள் என்கிறான்.
இதை உங்கள் கால்குலேட்டர் ஏன் சொல்லவில்லை?"

சொல்லவில்லைதான்.
பயணம் குறைந்தால்
எனக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியிருந்தது.
சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
பணம் திரும்பக் கிடைக்காது என்னும் விதியை
இவ்வளவு சந்தோஷமாக
நான் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை.

"இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, நான்கு கட்டம் இருக்கிறது.
வீணாக விடுவதாக இல்லை."
தம்பியைப் பார்க்கப் போகலாமே?
"அந்த முகத்தை
இந்த வருஷத்துக்குப் போதுமான அளவு பார்த்தாயிற்று."

வெளியே மேடையில் ஒரு ரயில் நின்றிருந்தது.
அது எங்கே போகிறது?
இன்டர்லாகன். உங்கள் நாட்டுக்குள். செல்லாது.
அடுத்தது?
பெர்லின்.
பின்னால் சைக்கிளோடு நின்ற பையன்
எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பெருமூச்சு விட்டான்.
அவர் நிதானமாகக் கோட்டைக் கழற்றி
கையில் போட்டுக்கொண்டார்.
அதற்கடுத்தது?