வியாழக்கிழமைக்குள் எழுபது வருசம்

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கிய அலமாரிக்கு
வயசு பதினோரு நாள்.
வேப்பம்பலகை. கசப்பு வாசம் இன்னும் போகவில்லை.
வியாழக்கிழமை லாரி ஏறும்போது
எழுபது முடிந்திருக்க வேண்டும்.
பேட்டை ரோட்டில்
பஞ்சர் கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவே
எனக்குச் சோறு போடுவது இந்தக் கணக்கு.

முதலில் காவிச் சிவப்பு ஒரு பூச்சு.
காய்ந்ததும் விளிம்பெல்லாம் மெழுகுவர்த்தி தேய்க்கிறேன்.
அதற்கு மேல் நீலம்,
டிஸ்டெம்பரில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து
கட்டித் தயிர்ப் பதத்தில்.
மெழுகு இருக்கும் இடத்தில் நீலம் பிடிக்காது.
உரிந்து போவதற்கென்றே
இரண்டு கை பூசுகிறேன்.

உப்புத்தாளை எடுக்கும்போதுதான் ஆள் வேண்டும்.
எல்லா விளிம்பையும் ஒரே மாதிரித் தேய்த்தால்
பழசாகாது,
சொறி பிடித்தது மாதிரி நிற்கும்.
வயசு எல்லா இடத்திலும் ஏறுவதில்லை,
கை படுகிற இடத்தில் ஏறும்.
யாருடைய கை?

இந்தத் தடவை ஒரு நர்ஸம்மா.
செண்பகவடிவு என்று பேர் வைத்தேன்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி.
இடக்கைக்காரி.
அதனால் கைப்பிடிக்கு இடப்பக்கம்
உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு தெரிய வேண்டும்.
இரண்டு கையிலும் துணி இருக்கும்போது
கீழ்க்கதவை முட்டியால் சாத்துவாள்,
அங்கே ஒரு வட்டம் தேய்ந்திருக்கும்.
என் முட்டியை வைத்து அளந்தேன்.
இரண்டரை அங்குலம் இறக்கினேன்.
அவள் குள்ளம்.

மூன்றாவது இழுப்பறையை அவள் திறந்ததே இல்லை.
நீலம் அங்கே முழுசாக இருக்கிறது.
ஏன் திறக்கவில்லை என்று எனக்கும் தெரியாது.

சாவிக்கொத்தால் காலில் நாலு அடி.
பூச்சி அரித்த துளைக்குக் கோணியூசி.
வரிசையாகக் குத்தக் கூடாது,
பூச்சிக்கு அடிஸ்கேல் கிடையாது.
டீக்கடை மைதீன்பிச்சை கொடுத்த
வடிகட்டிய சக்கைத் தண்ணீரில் நிறம் மங்கும்.
பள்ளங்களில் கறுப்பு பூட் பாலிஷ்.
வாயிற்பழுப்பு மாதிரி அது தங்கிக்கொள்ளும்.

ராத்திரி வீட்டுக்குப் போனால்
பீரோ அடியில் துரு.
பெண் பார்க்க சனிக்கிழமை வாராகளாம்,
புதுசு மாதிரி ஆக்கித் தாங்க என்கிறாள்.
சில்வர் பெயிண்டில் அரைலிட்டர் வாங்கி வைத்திருக்கிறேன்.

வியாழன் காலை, கயத்தாறு லாரி.
ஏற்றும்போது கயிற்றுக் கொக்கி நழுவி
பக்கப் பலகையில்
நாலு விரல் நீளத்துக்கு ஒரு கோடு.
வெள்ளையாய்ப் பச்சை மரம் தெரிந்தது.
அலமாரிக்கு நிஜமாய் நடந்தது
அது ஒன்றுதான்.
இருக்கட்டும் என்று விட்டேன்.
ஏழு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

கோயம்புத்தூர் அம்மா உடனே பேசினார்கள்.
ரொம்ப அருமைங்க, அந்தக் காலத்து வாழ்க்கை அப்படியே தெரியுது.
முட்டித் தேய்மானத்தை யாரோ சிநேகிதிக்குக் காட்டினார்களாம்.
சைடுல அந்தக் கீறல் ஒண்ணு மட்டும்
வேணும்னே பண்ணின மாதிரி இருக்குங்க.
அதை எடுத்துடுங்க.

லாரி மேலேயே ஏறி நின்று எடுத்தேன்.
தாள், சிவப்பு, நீலம்,
பனியனைக் கிழித்துப் பாலிஷ்.
டிரைவர் குற்ற உணர்ச்சியில் எனக்குக் குடை பிடித்தார்.
தார்ப்பாய் மூடும்முன் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு,

"நல்லா அனுபவிச்ச சாமான்லா. யார் வீட்டுது அண்ணாச்சி?"

"ஒரு நர்ஸம்மாவுது. இடக்கைக்காரி."

"இருக்காகளா?"

தூரிகையை மண்ணெண்ணெயில் அலசினேன்.
டப்பா மூடியைத் தட்டி இறுக்கினேன்.
அதை நான் இன்னும்
முடிவு பண்ணவில்லை.